வெற்று நிரல்

2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முல்லைத்தீவில் எமது தகரக் கொட்டிலுக்கு இளம்பெண் ஒருத்தி தடித்த வினாப்பத்திரத்துடன் வந்தாள். கடந்த ஏழு நாட்களில் சமைத்த அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, தேங்காய் எத்தனை என்று நிதானமாகக் கேட்டு எழுதினாள். விரல்விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா இடையில் நிறுத்திவிட்டார்.

"பிள்ளை, இப்ப சுண்டுக் கணக்குக் கேக்கிறியள். ஒரு சுண்டு அரிசியிலை ஆறு பேர் கஞ்சி குடிச்ச வருசம் ஏன் ஒருத்தரும் வரேல்லை?"

அவள் தலைகுனிந்தாள். 2009இல் அவளும் எம்மைப்போல் முள்வேலிக்குள் இருந்தவள் என்பது தேநீர் குடிக்கையில்தான் தெரியவந்தது.

அந்தக் கேள்வி மனத்தை விட்டகலவில்லை. பின்னர் நூலகமொன்றிற் பழைய தொகுப்புகளைப் புரட்டினேன். 1953இல் மத்திய வங்கி தனது முதலாவது நுகர்வோர் நிதி அளவீட்டை நடத்தியது. (கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாகி, மக்கள் ஹர்த்தாலில் இறங்கியதும் அதே ஆண்டுதான்.) பின்னர் 1963, 1973 என்று அது தொடர்ந்தது. ஒரு தடவை எடுத்த கணக்கு, இன்று யார் வறியவர் என்பதை மட்டுமே சொல்லும். பல தசாப்தங்களாக எடுத்த கணக்கோ வறுமை எங்கே குறைந்தது, எங்கே குடிகொண்டுவிட்டது என்பதையும் காட்டிக்கொடுக்கும். ஆட்சியாளருக்கு உவப்பில்லாத சாட்சி அது!

ஆனால் வீட்டு வருமான, செலவின அளவீடுகளில் 1990/91, 1995/96, 2002 ஆகிய தொகுப்புகள் வடக்கும் கிழக்கும் நீங்கலானவை. 2009/10இலும் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு இல்லை. அடிக்குறிப்பு இதனை மறைக்கவில்லை. குண்டு விழும் ஊருக்குள் வினாப்பத்திரத்தோடு யார்தான் போவார்? ஆயினும் மேடைகளில் அடிக்குறிப்பை வாசிப்பார் இல்லை. 2009/10இல் நாட்டின் வறியோர் நூற்றுக்கு 8.9, 2012/13இல் 6.7. முன்னையதில் எமது மூன்று மாவட்டங்களும் இல்லை. பின்னையதில் 25 மாவட்டங்களும் உண்டு. இரண்டையும் ஒரே நாட்டின் எண்களென ஒப்பிட்டுப் பெருமைப்படுவது எங்ஙனம் பொருந்தும்?

அந்த 2012/13இல் கொழும்பு மாவட்டத்து வறியோர் நூற்றுக்கு 1.4. முல்லைத்தீவில் 28.8.

வீடு திரும்பியதும் அம்மாவிடம் இந்த எண்ணைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கு முந்தி எத்தினை?" என்று கேட்டார்.