முதல் வரி

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசும் நண்பர்கள் நாங்கள் நால்வர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்துக்குப் பிறகு எங்கள் பேச்சு புத்தகங்களோடு நிற்கவில்லை. அன்று இறந்தவர்களில் வேலையாட்கள் மட்டுமல்ல, காப்பாற்ற ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் இருந்தார்கள். ஆலை வேலைக்குப் போகும் பெண்கள் தம் வாழ்வைத் தாமே சொல்லக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும் என்று அந்த ஆண்டில்தான் முடிவுசெய்தோம்.

பதினாறு மாதங்களில் பத்தொன்பது பேர் பேசினார்கள். திரி வெட்டுவது, குழாய் உருட்டுவது, சரம் பின்னுவது, முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டது, சாம்பல் நிறம் படிந்த கையோடு பிள்ளைக்குச் சோறூட்டத் தயங்கியது என எல்லாம் அவற்றில் உண்டு. ஒவ்வொருவரும் கடைசியில் கேட்ட கேள்வி ஒன்றே: "எம் பேரு வெளிய தெரியாதுல்ல தம்பி?" தெரியாது என்று சொன்னோம். கோப்புகளில் மட்டும் உண்மைப் பெயர்களை வைத்திருந்தோம். அச்சுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம்.

கோப்புகள் இருந்தது ஒரு மடிக்கணினியில். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எங்களுள் ஒருவரின் மகளுக்குக் கிடைத்தது அது. விண்டோசோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளமும் அதில் இருந்தது. தட்டச்சு செய்த நண்பர் லினக்ஸ் பக்கமே வேலை செய்தார், கடவுச்சொல்லும் வைத்தார். பிறகு வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். தொகுப்பை அச்சுக்குத் தயார்செய்யலாம் என்று சில ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது கடவுச்சொல் எங்களில் எவருக்கும் நினைவில்லை. தொலைபேசியில் கேட்டோம், அவருக்கும் நினைவில்லை.

கல்லூரியில் கணினி படித்த பையன் ஒருவன் உதவிக்கு வந்தான். இயந்திரத்தை இயக்கியதும் 'கிரப்' என்னும் தொடக்க நிரலின் பட்டியல் திரையில் வந்தது. 'இ' என்ற விசையை அழுத்தினான். சில வரிகள் தெரிந்தன. 'லினக்ஸ்' என்ற சொல்லில் தொடங்கிய வரியைக் காட்டி, "இதுதாண்ணே கெர்னலுக்கு நாம சொல்ற முதல் வரி" என்றான்.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. வன்தட்டு, நினைவகம், திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் ஆள்வது அதுவே. அது எழும் கணத்தில் அதற்கு ஒரு வரியைக் கையளிக்கலாம். எந்த வன்தட்டில் உன் வீடு இருக்கிறது என்பதை 'ரூட்' என்ற சொல் தெரிவிக்கும். முதலில் படிக்க மட்டும் திற, எழுதாதே என்பது 'ஆர்ஓ'. செய்திகளைத் திரையில் கொட்டாமல் அடக்கமாக எழு என்பது 'கொயட்'. திரை இருண்டு நின்றால் 'நோமோட்செட்' என்று சேர்ப்பவர்கள் உண்டு. நம்மிடம் பெரும்பாலும் இருக்கும் எக்ஸ்86 வகை இயந்திரங்களில் இந்த வரி 2048 எழுத்துகளுக்குள் அடங்கவேண்டும். கருவுக்குப் புரியாத சொல் அதில் இருந்தால் அதைத் தூக்கி எறிவதில்லை. அடுத்து எழும் 'இனிட்' என்ற முதல் நிரலிடம் கொடுத்துவிடுகிறது. எழுந்தபின் அந்த வரி என்னவென்று பார்க்கவும் வழியுண்டு. ஆனால் இங்கே மாற்றுவது அந்த ஒருமுறைக்கு மட்டுந்தான். நிலைக்க வேண்டுமானால் கிரப்பின் அமைவுக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும்.

பையன் 'கொயட்' என்பதை நீக்கினான். வரியின் கடைசியில், வழக்கமான இனிட்டுக்குப் பதிலாக வெறும் கட்டளைத் திரையை எழுப்பு என்று ஒரு சொல்லைச் சேர்த்தான். எஃப்10 விசையை அழுத்தினான். அதுவரை ஒரு படத்துக்குப் பின்னால் மௌனமாக எழுந்த இயந்திரம் இப்போது வரிவரியாகப் பேசிக்கொண்டே எழுந்து, எவர் என்று கேட்காமல் எங்களை உள்ளே விட்டது. வன்தட்டை எழுதக்கூடியதாக மாற்றி, புதிய கடவுச்சொல்லை இட்டான். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பத்தொன்பது பேரும் அங்கே பத்திரமாக இருந்தார்கள். நாங்கள் கைதட்டினோம், பையனுக்குக் கலர் வாங்கிக் கொடுத்தோம்.

இரவு வீடு திரும்பும்போதுதான் எங்களுள் ஒருவர் சொன்னார்: "நமக்குத் திறந்தது எவனுக்கும் திறக்கும்." அதற்குப் பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை.

அந்த மடிக்கணினி ஓராண்டு அச்சகம் ஒன்றின் மேசையில் கிடந்தது. பழுதுபார்க்க இருமுறை கடைக்குப் போய்வந்தது. அந்தப் பெண்கள் முன்பணம் வாங்கியவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. உரிமம் இல்லாமல் வீட்டுக்குள் வேலை நடந்த தெருக்களின் பெயர்களும் இருந்தன. யாராவது பார்த்தார்களா என்று அறிய எங்களிடம் வழியில்லை. இது எந்த ஒரு லினக்ஸின் குறையுமன்று. இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவரை உரிமையாளர் என்று நம்பி அந்த வரி அமைக்கப்பட்டிருக்கிறது. பயனர் கடவுச்சொல் என்பது எழுந்தபின் கேட்கப்படும் கேள்வி. நாங்கள் அதையே காவல் என்று எண்ணியிருந்தோம்.

கோப்புகளைப் பிரதியெடுத்துக்கொண்டு, வன்தட்டு முழுவதையும் ஒருமுறை சுழியங்களால் நிரப்பி அழித்தோம். பிறகு முழுத் தட்டையும் மறையாக்கம் செய்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினோம். கிரப்புக்கும் கடவுச்சொல் இட்டோம். அது மட்டும் போதாது. தட்டைக் கழற்றி வேறு இயந்திரத்தில் பொருத்துபவனை அது தடுக்காது. மறையாக்கம் இருந்தால் முதல் வரியை எவர் எப்படி மாற்றினாலும் உள்ளே கிடைப்பது பொருளற்ற எழுத்துக் குவியல். இதற்கு ஒரு விலையும் உண்டு. இம்முறை சொல்லை மறந்தால் எந்தப் பையனாலும் திறந்து தரமுடியாது. ஆகவே அதை இருவர் மனனம் செய்தோம். உண்மைப் பெயர்களைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டோம். அச்சுவரை காத்திருந்ததே தவறு.

இவ்வூர்ப் பட்டாசு ஆலைகளில் மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள். வேலை எப்படித் தொடங்குகிறது என்பதில்தான் அன்றைய பாதுகாப்பு இருக்கிறது என்று அந்தப் பெண்களே எங்களுக்குப் பலமுறை சொல்லியிருந்தார்கள். ஒலிநாடாவைப் போல அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தட்டச்சும் செய்திருந்தோம்.

பத்தொன்பது வீடுகளுக்கும் போய் நடந்ததைச் சொல்லவேண்டும் என்று தீர்மானித்தோம். பலர் சிரித்தார்கள். சிலர் எங்களுக்குக் காப்பி கொடுத்து ஆறுதல் சொன்னார்கள். வயதில் மூத்த அக்கா ஒருவர் மட்டும் முழுவதையும் கேட்டுவிட்டு, "வாசக்கதவத் தெறந்து போட்டுட்டு உள்பெட்டியப் பூட்டி வச்சிருக்கீக" என்றார். பிறகு, கோபம் எதுவும் இல்லாமல், தாம் பேசியதை எடுத்துவிடச் சொன்னார். அவர் மகன் இன்னும் அதே ஆலைக்குத்தான் போகிறான்.

அன்று மாலையே அழித்தோம். சாம்பல் நிறக் கையால் பிள்ளைக்குச் சோறூட்டத் தயங்கியவர் அவர்தான். தொகுப்பில் இப்போது பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள்.