பத்துப் பாத்திரம்

ஆயா என்று நாங்கள் அழைத்துவந்த மூதாட்டி, இருபத்தைந்து வருஷங்களுக்கு மேலாக எங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் தேய்த்துக் கொடுத்தவள், முழங்கால் வலி தாளாமல் சென்ற தை மாதத்தோடு நின்றுகொண்டாள். என் மனைவியின் மணிக்கட்டுகளுக்கும் ஓய்வு வேண்டும் என்று வைத்தியர் கண்டித்துச் சொல்லிவிட்டபடியால், சேமிப்பிலிருந்து 62,000 ரூபாயை எடுத்து ஒரு பாத்திரம் கழுவும் இயந்திரத்தை வாங்கி அடுக்களையில் நிறுத்தினேன். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று. ஆயினும், மனுஷியின் உடம்பைத் தேய்க்கும் ஒரு காரியத்தை இயந்திரம் ஏற்றுக்கொள்ளுமானால் அதற்கு எந்த விலையும் தகும் என்று மனப்பூர்வமாக நம்பினேன். இன்றும் அந்த அபிப்பிராயம் மாறவில்லை. ஆகையினால்தான் ஏமாற்றம் இவ்வளவு ஆழமாகப் பட்டது.

முதல் நாள் இரவு இயந்திரம் மூன்று மணி நேரம் ஓடி ஓய்ந்தபின் கதவைத் திறந்தோம். வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது. தட்டுகள் பளிச்சென்று இருந்தன. கண்ணாடி டம்ளர்களிலோ சுண்ணாம்பு நீரில் தோய்த்தெடுத்தாற்போல வெண்மையான படலம். பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் பழுப்பு வளையம் அப்படியே கிடந்தது. ஒரு கிண்ணத்தின் உட்புறத்தில் சாம்பாரின் கறிவேப்பிலை ஒன்று ஒட்டிக் காய்ந்து, நகத்தால் சுரண்டியும் வராமல் நின்றது. என் மனைவி ஒன்றும் பேசாமல் நாரை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். அந்த மௌனத்தை நான் மறக்கவில்லை.

புகார் சொல்லி, மறுபடி சொல்லி, மூன்றாம் முறை வந்த இளைஞர் குழாயின் வாயில் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கைப் பார்த்த மாத்திரத்தில், "போரிங் தண்ணிதானே சார்? இந்தத் தண்ணியில எந்த மெஷினும் கஷ்டப்படும்" என்றார். தாம்பரத்துக்குத் தெற்கே எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருப்பவை. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அவர் அளந்து பார்த்தபோது எங்கள் நீர் அந்த மேல் வரம்பையும் கடந்திருந்தது. கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீர் சூடேறி உலரும்போது அந்த உப்புகள் பாத்திரத்தின்மேலேயே தங்கிவிடுகின்றன. அதைத் தடுக்க இயந்திரத்தின் வயிற்றுக்குள் நீரை மென்மையாக்கும் ஓர் அறை உண்டு. அதில் அதற்கென்றே விற்கும் உப்பை நிரப்பி, உள்ளூர் நீருக்கு ஏற்ற அளவையும் குறித்துவைக்க வேண்டும். விற்ற கடையில் இதை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று ஒருவரும் கேட்கவுமில்லை. 14 பேர் உண்ட பாத்திரங்கள் ஒரே தடவையில் கழுவப்படும் என்பதை மட்டும் பலமுறை சொன்னார்கள். அளவைச் சரிசெய்து, நீர்ச்சொட்டுகள் திட்டுத் திட்டாகத் தங்காமல் வழிந்தோடச் செய்யும் திரவத்தையும் ஊற்றிய பிறகு படலம் பெரும்பாலும் மறைந்தது. நீர் பீச்சும் மேல் விசிறியின் துவாரம் ஒன்றில் கடுகு இரண்டு அடைத்துக்கொண்டிருந்ததையும் அந்த இளைஞரே ஊசியால் குத்தி எடுத்துக் காட்டினார்.

நீரின் குறை நீங்கியது. பாத்திரத்தின் குறை நீங்கவில்லை. அந்த 14 பேர் யாருடைய பந்தியில் உட்கார்ந்தவர்கள் என்பது பிறகுதான் விளங்கிற்று. அது தட்டையான பீங்கான் தட்டும், கோப்பையும், கத்தியும், முள்கரண்டியுமாக ஐரோப்பிய மேஜையை வைத்துக் கணக்கிட்ட எண். நம் வீட்டிலோ ஆழமான குழம்புச் சட்டி, கழுத்துக் குறுகிய சொம்பு, குழி குழியான இட்லித் தட்டு, விளிம்பு மடித்த எவர்சில்வர் தட்டு. ஒரு பெரிய பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டால் அதன் பின்னால் இருப்பவற்றுக்கு நீர் எட்டுவதில்லை. அலுமினியக் குக்கர், கழுவுவதற்குப் போடும் காரத்தூள் பட்டுக் கறுத்துப்போயிற்று. இரும்புத் தோசைக்கல்லையும், ஈயச் சொம்பையும், கல்சட்டியையும் இயந்திரத்தின் பக்கமே கொண்டுபோகலாகாது.

பத்துப் பாத்திரம் என்று நம் வீடுகளில் சொல்லுகிறோமே, அது பற்றுப் பாத்திரம் என்பதன் மரூஉ. சோற்றின் பற்று ஒட்டியிருக்கும் பாத்திரம் என்று பொருள். அந்தப் பற்றை இயந்திரம் தேய்த்து எடுப்பதில்லை. சூடான கார நீரைச் சுழன்று சுழன்று பீச்சுகிறது. தூளில் உள்ள நொதிகள் மாவுச்சத்தையும் புரதத்தையும் கரைக்கின்றன. சோற்றுப் பருக்கை ஊறிக் கரைவது அதனால்தான். அடிப்பிடித்துக் கருகிய பாலுக்கோ, எண்ணெயில் தீய்ந்த மசாலாவுக்கோ உராய்வு வேண்டும். அந்த உராய்வு அதனிடம் இல்லை.

இந்த இயந்திரத்தின் பூர்வ கதையை அறிந்தபோது என் வருத்தம் வேறொரு திசைக்குத் திரும்பியது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் வாழ்ந்த ஜோசபின் காக்ரன் என்ற அம்மையார், தம்முடைய அருமையான பீங்கான் தட்டுகளின் விளிம்பு கழுவும்போது உடைபடுவதைப் பொறுக்கமாட்டாமல், முதலில் தம் தட்டுகளையும் கோப்பைகளையும் அளந்து, அந்தந்த அளவுக்குக் கம்பிக் கூடுகள் வளைத்து, அவற்றின்மேல் நீரைப் பீச்சும் பொறியை அமைத்து 1886-இல் காப்புரிமை பெற்றார். 1893-இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிலும் அது வைக்கப்பட்டது. தம் பாத்திரத்தை அளந்த பின்னரே அவர் இயந்திரத்தைச் செய்தார். இத்தனை ஆண்டுகள் கழித்து எங்கள் அடுக்களைக்கு வந்த அந்தக் கூடு, இன்னமும் அவர் வீட்டுத் தட்டுக்குத்தான் பொருந்துகிறது.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஆயா எங்களைப் பார்க்க வந்தாள். காப்பி குடித்தபின், இயந்திரத்திலிருந்து எடுத்து அடுக்கியிருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கையில் வாங்கி, கட்டைவிரலை அதன் வாய் ஓரத்தில் மெல்ல ஓட்டினாள். சுத்தமான எவர்சில்வரில் விரல் கீச்சென்று ஒலிக்கும். எண்ணெய் எஞ்சியிருந்தால் வழுக்கும். "நல்லாத்தாம்மா கழுவுது. வாய் மடிப்பை மட்டும் பாக்கல" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, டம்ளரைத் தொட்டியில் வைத்தாள். அந்த விரலின் ஞானத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த ஞானத்துக்காக அவள் கொடுத்த முழங்கால்கள் என் கண்முன்னே சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கின. அவளைப்போல் இன்னொருத்தி நம் வீட்டுத் தொட்டியடியில் குந்தி முதுமையடைய வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

தட்டும் டம்ளரும் இப்போது இயந்திரத்துக்குப் போகின்றன. சட்டியையும் குக்கரையும் நான் தேய்க்கிறேன். இயந்திரம் விற்பவர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான்: அடுத்த வீட்டுக்கு வரும்போது முதலில் அவர்கள் தண்ணீரை அளந்து பாருங்கள், அவர்கள் அடுக்களையிலிருந்து குழம்புச் சட்டி ஒன்றும் பால் பாத்திரம் ஒன்றும் வாங்கிக் கழுவிக் காட்டுங்கள், அதன்பிறகு விலையைச் சொல்லுங்கள்.