எருமைப் பாலும் அகச்சிவப்பு ஒளியும்

பால்பொடி ஆலையில், உலர்த்தும் கோபுரத்திலிருந்து பொடி இறங்கி வரும் குழாயின் பக்கவாட்டில் சிறியதொரு சன்னலைப் பொருத்துகிறார்கள். அதன் வழியே அண்மை அகச்சிவப்பு ஒளி பொடியின்மேல் பட்டுத் திரும்புகிறது. சில நொடிகளில் திரையில் மூன்று எண்கள் தோன்றுகின்றன: ஈரம், கொழுப்பு, புரதம்.

அந்த நொடிகளுக்கு விலை உண்டு. பால்பொடியில் ஈரம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டு உணவுத் தர விதி. தாண்டினால் பொடி கட்டிதட்டும். மிகவும் குறைந்தால் எரிபொருள் வீண். மாதிரியை அடுப்பில் வைத்து உலர்த்தி எடைபோட்டு முடிவு சொல்ல ஆய்வகத்துக்குச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் பொடி மூட்டைகளில் ஏறிவிடும்.

ஒளி எதைப் பார்க்கிறது? நீர் 1450, 1940 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும். கொழுப்புக்கும் புரதத்துக்கும் அவற்றுக்குரிய இடங்கள் உண்டு. ஆனால் அவை தனித்தனிக் கோடுகளாக நிற்பதில்லை. அகன்று, ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. இடைவெளியின்றி ஒலிக்கும் பேச்சில் சொல்லின் எல்லையைத் தேடுவதைப் போன்ற வேலை இது. வேதியியலாளர்கள் பயனற்றதெனப் பெரிதும் ஒதுக்கிய இந்தப் பகுதியை, 1960களில் அமெரிக்க வேளாண்துறையின் பொறியாளர் கார்ல் நோரிஸ் புள்ளியியலின் துணையோடு படிக்க முனைந்தார். 1975இல் கனடா கோதுமையின் புரதத்தை இம்முறையில் அளக்கத் தொடங்கியது.

புள்ளியியல் என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. கருவிக்குப் புரதம் என்றால் என்னவென்று தெரியாது. நூற்றுக்கணக்கான மாதிரிகளை ஆய்வகத்தில் அளந்து, ஒவ்வொன்றின் ஒளிப்பதிவையும் அருகில் வைத்து, இதற்கு இந்த எண் என்று கற்பிக்க வேண்டும். கற்பிக்கும் ஆசானோ 1883இல் டென்மார்க்கில் யோஹன் கெல்டால் வகுத்த முறை. அது நைட்ரஜனை அளந்து, பாலுக்கென வைத்த 6.38ஆல் பெருக்கிப் புரதம் என்கிறது. திரையில் தெரிவது மதிப்பீட்டின் மதிப்பீடு. 2008இல் சீனாவில் நைட்ரஜன் மிகுந்த மெலமைனைப் பாலில் கலந்தவர்கள் ஏமாற்றியது அந்த ஆசானைத்தான். குழந்தைகள் ஆறு பேர் இறந்தனர். ஒளிக்கு மெலமைனைக் கண்டறியக் கற்பிக்கலாம். கற்பிக்காதவரை அது பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்காது.

இந்தியாவில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. இங்கே பால் என்பது பெருமளவில் எருமைப் பாலும்கூட. அதன் கொழுப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு, பசும்பாலைப் போல இருமடங்குக்கு அருகில். கொழுப்புத் துளிகளும் பெரியவை. ஆகவே ஒளி சிதறும் விதமும் வேறு. பசும்பாலை மட்டும் பார்த்துப் பழகிய கருவி இதன்முன் தடுமாறும், ஒரே வட்டாரத்துப் பேச்சுத்தொகுப்பில் பயின்ற கணினி அடுத்த மாவட்டத்துப் பேச்சில் தடுமாறுவது போல. எருமைப் பாலைப் பொடியாக்கவே முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் கூறிய காலமும் உண்டு; குஜராத்தின் ஆனந்தில் எச்.எம். தலாயா அதைச் செய்துகாட்ட, 1955இல் ஆலையே எழுந்தது. அளக்கும் கருவிகளுக்கும் அதே பொறுமை தேவைப்படுகிறது.

பால் ஊற்றுபவருக்குக் கிடைக்கும் பணம் கொழுப்பு எண்ணைப் பொறுத்தது. பழைய கெர்பர் முறையில் பாலோடு அமிலம் சேர்த்துச் சுழற்றினால், அளவுக்கோடுகளிட்ட கண்ணாடிக் குழாயின் கழுத்தில் கொழுப்பு மஞ்சளாக ஏறி நிற்கும். நான்கு லிட்டர் கொண்டுவந்த பெண் அதைத் தம் கண்ணால் பார்த்து, "இன்னொரு முறை பாருங்கள்" என்று கேட்கலாம். திரையின் எண்ணோடு எதைச் சொல்லி வாதாடுவது? வேகம் கூடியதில் இழந்தது இதுதான். கருவி விற்பவர்களின் கையேடுகள் இதைப் பேசுவதில்லை.

மழைக்குப் பின் பசுந்தீவனம் பெருகும், பாலும் மாறும். அப்போதெல்லாம் மாதிரிகளை எடுத்து, அமிலத்தில் வேகவைத்து, கருவியின் எண்ணைச் சரிபார்க்க ஆய்வகத்தில் ஒருவர் இருந்தாக வேண்டும். ஒளிக்கருவி வந்தபின் தேவையில்லை என்று கணக்குப் பார்க்கத் தோன்றும் முதல் பணியிடமும் அவருடையதுதான்.