மதியம் ஒன்றரைக்கு வந்த காலை மாத்திரை

‘காலை 8 மணி மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டீர்களா?’ என்று மதியம் ஒன்றரை மணிக்கு உங்கள் போனில் மெசேஜ் வந்தால் என்ன செய்வீர்கள்? சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், அந்த மெசேஜை நம்பியே மாத்திரை போடும் வயதானவர்கள் இருக்கிறார்களே!

சென்னையில் இப்படி நினைவூட்டல் அனுப்பும் ஒரு சிறிய நிறுவனம். அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு வயது இருபத்தாறு. வழக்கமாக அவளிடம் யாரும் போனில் பேசுவதில்லை. அன்று ஒரு பாட்டியின் அழைப்பு அவளுக்கு மாற்றிவிடப்பட்டது. “ஏம்மா, காலைல போட வேண்டியதை இப்பத்தான் சொல்றீங்க. இப்போ போட்டுக்கவா, வேணாமா?” சர்க்கரை மாத்திரை. “நீங்களா போட்டுக்காதீங்க பாட்டி, உங்க டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுடுங்க” என்பதைத் தவிர அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை.

ஆனால், போனை வைக்கும்போதே காரணம் தெரிந்துவிட்டது. எட்டுக்கும் ஒன்றரைக்கும் இடையே ஐந்தரை மணி நேரம். இந்தியாவில் சர்வர் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த ஐந்தரை நன்றாகப் பழகிய எண். உலகப் பொது நேரமான யூடிசியைவிட நாம் அவ்வளவுதான் முன்னால் இருக்கிறோம். அன்று விடியற்காலையில் புதிதாக இரண்டு சர்வர்களைச் சேர்த்திருந்தார்கள். வாடகைக்கு எடுக்கும் லினக்ஸ் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில்தான் வரும். பழையவற்றுக்கெல்லாம் யாரோ ஒரு சீனியர் கையால் நேரம் மாற்றிவைத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருந்தார். அவர் செய்தது எங்கும் எழுதப்படவில்லை.

லினக்ஸுக்கு உள்ளே ஓடுவது ஒரே கணக்குதான்: 1970 ஜனவரி 1 முதல் எத்தனை வினாடிகள். டைம்ஜோன் என்பது அந்தக் கணக்கைப் பார்க்க நாம் போட்டுக்கொள்ளும் கண்ணாடி. ஆனால் ‘எட்டு மணிக்கு அனுப்பு’ என்ற வேலையைச் செய்யும் கிரான், அந்தக் கண்ணாடி வழியாகத்தான் கடிகாரம் பார்க்கிறது.

“ரெண்டு மெஷின்தானேம்மா, உள்ளே போய் ஒரு வரி அடிச்சுட்டு வந்துடேன்” என்றார் டீம் லீடர். உண்மைதான், ‘டைம்டேட்சிடிஎல்’ என்ற ஒரே கட்டளை. “அடுத்த மாசம் மூணாவது வரும் சார்” என்றாள் அவள். அன்சிபிளைத் திறந்தாள். சர்வர்களின் பட்டியலைக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் இருக்க வேண்டிய நேரம் ‘ஏசியா/கொல்கத்தா’ என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதுவே ஒவ்வொரு சர்வருக்குள்ளும் நுழைந்து பார்க்கும். சரியாக இருந்தால் தொடாது, மாறியிருந்தால் திருத்தும். (சென்னை, மும்பை, டெல்லி என்று தேடாதீர்கள். அந்தப் பட்டியலில் இந்தியா முழுமைக்கும் கொல்கத்தாதான்.)

எதையும் மாற்றாமல் முதலில் ஒரு ஒத்திகை ஓட்டினாள். இரண்டு சர்வர்கள் மஞ்சளில் வரும் என்று பார்த்தால், நான்கு வந்தன. ஒன்றில் ‘கல்கத்தா’ என்ற பழைய பெயர். நேரம் சரிதான், பெயர்தான் வேறு. இன்னொன்றில் ‘கொழும்பு’! இன்றைக்கு இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. இலங்கை 1996-ல் தன் கடிகாரத்தை மாற்றி, 2006-ல்தான் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. நாளைக்கே அவர்கள் இன்னொருமுறை மாற்றினால், அந்த சர்வரும் சத்தமில்லாமல் கூடவே போயிருக்கும்.

மாற்றியதோடு வேலை முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் கிரானை மறுபடி தொடங்க வேண்டும்; இல்லாவிட்டால் அது பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டு நிற்கலாம். அதையும் அதே கோப்பில் எழுதினாள்.

இன்னொரு சிக்கல்தான் அவளை யோசிக்க வைத்தது. அப்போது மணி மூன்று. புதிய சர்வர்கள் இரண்டும் ஒன்பதரை என்று நினைத்துக்கொண்டிருந்தன. மாற்றியதும் அவை நேராக மூன்றுக்குத் தாவும். நடுவில் இருக்கும் ‘மதியம் 1 மணி மாத்திரை’ அன்றைக்கு யாருக்கும் போகாது. மாற்றாமல் விட்டால் அது மாலை ஆறரைக்குப் போகும். இரவு எட்டு மணி மெசேஜ் நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு ஒலிக்கும். மாற்றிவிட்டாள். அந்த இரண்டு சர்வர்களிலும் மதிய மாத்திரைக்காரர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்து, போன் பேசும் பெண்களிடம் கொடுத்தாள். மறுபடி அன்சிபிளை ஓட்டியபோது எல்லாமே பச்சை.

‘சர்வர் என்றால் யூடிசியில்தான் இருக்க வேண்டும், ஊர் நேரத்தை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று வாதிடுகிறவர்கள் நிறைய. பல நாடுகளுக்கு வேலை செய்கிற இடத்தில் அதுதான் சரி. டீம் லீடரும் அந்தக் கட்சிதான். எதுவானாலும் எல்லா சர்வரும் ஒரே நேரத்தில் இருக்கட்டும் என்பது அவள் கட்சி. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

போன் பேசும் பெண்கள் ஐந்து மணிக்குள் பட்டியலை முடித்தார்கள். பலர் மெசேஜ் இல்லாமலே மாத்திரை போட்டிருந்தார்கள். நான்கு பேர் போனை எடுக்கவில்லை. ஆறு மணிக்கு மறுபடி அழைத்தபோது மூன்று பேர் எடுத்தார்கள். நான்காவது எண்ணுக்கு, பதிவில் இருந்த மகனின் நம்பரைத் தேடி எடுத்துப் பேசினார்கள்.