சுருண்ட இலையையும் சேர்த்துப் படமெடுங்கள்

மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவை, இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலை மலைகளில், நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கும் பெண்களின் வேலையை அருகிருந்து பார்த்தால், பூச்சி ஆய்வின் முதற்கட்டம் யார் கையில் இருக்கிறது என்பது விளங்கும். நூலால் ஒட்டிச் சுருண்ட இலையையும், உள்ளே நெளியும் இலைச்சுருட்டுப் புழுவையும், அதைத் தேடி வரும் ஒடிசலான குளவியையும் முதலில் காண்பவர்கள் அவர்களே. ஆனால் குளவியைப் படமெடுக்கும் பலர் அதை மட்டும் நெருக்கமாக எடுக்கிறார்கள்; இலையும் புழுவும் சட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றன. அடையாளத்தில் பாதி அங்கேயே தொலைந்துவிடுகிறது என்பேன்.

ஒட்டுண்ணிக் குளவிகளில் இக்நியூமோனிட், பிராக்கோனிட் என்னும் இரு பெருங்குடும்பங்களும் நீண்ட உணர்கொம்பு, குறுகிய இடை என்று ஒரே சாயலில் இருக்கும். நிறத்தை நம்பிப் பிரிக்க முடியாது. முன்சிறகில் பின்னோக்கி இறங்கும் நரம்பு இரண்டு என்றால் அநேகமாக இக்நியூமோனிட்; ஒன்றே என்றால் பிராக்கோனிட். சிறகு விரிந்து தெரியும் படம் இவ்வளவைச் சொல்லிவிடும். அதற்குமேல் அந்தக் குளவி எந்தப் புழுவின் உடலில் வளர்ந்தது என்று தெரிந்தால்தான் தேடும் வட்டம் சுருங்கும். 1935-36இல் ஜாவாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மேக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்ற பிராக்கோனிட், இலைச்சுருட்டுப் புழுவைப் பெரிதும் அடக்கியது. பிறகு தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தபோது இந்தக் குளவியும் மடிந்தது. புழு மீண்டும் பெருகியது. எந்தக் குளவி எந்தப் புழுவை அடக்குகிறது என்ற கணக்கைக் கைவிட்டதற்குத் தோட்டம் கொடுத்த விலை அது.

படத்தை வைத்து இனத்தின் பெயரைச் சொல்ல முடியாது என்று வல்லுநர்கள் மறுப்பார்கள். உண்மைதான், உடலின் நுண்வரிகளை நுண்ணோக்கியில்தான் காண முடியும். அதனால்தான் சுருண்ட இலையைத் துணி மூடிய போத்தலில் வைத்து, வெளிவரும் குளவியைச் சாராயத்தில் இட்டு, இலை, புழு, குளவி மூன்றின் படங்களோடும் தேதி, மலைப் பெயரோடும் சேர்த்துவைக்க வேண்டும் என்கிறேன். பெயர் பிறகு வரட்டும். தவறவிட்ட புழுவைப் பிறகு தேடிப் பிடிக்க முடியாது. குளவி என்றாலே தொழிலாளர் அஞ்சுவார்களே என்பது இன்னொரு மறுப்பு. கூட்டமாகக் கொட்டி உயிரையே பறிக்கும் கூட்டுக் குளவிகள் இருக்கும் மலையில் அந்த அச்சம் நியாயமானது. அந்தக் கூடுகளிலிருந்து விலகியே நிற்க வேண்டும். இந்த ஒட்டுண்ணிகளோ தனித்துத் திரிபவை. காக்க வேண்டிய கூடு அவற்றுக்கு இல்லை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் படங்களைத் தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் மாட்டலாம். கனமான மறுப்பு நேரம் பற்றியது. சொன்ன கிலோ பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், என்ற இடத்தில், புழுவைப் பார்க்க நின்றவருக்கு அரைப்பேர்தான் விழும். இலையைச் சேகரிக்கும் நேரத்தையும் தோட்ட நிர்வாகம் பேரில் சேர்க்க வேண்டும். கொழுந்தின் காவலுக்கான வேலைதான் அதுவும்.