பிள்ளை விளையாடினாளா?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தப் பொன் குஞ்சை எந்தக் கூட்டில் விடுவது என்ற கேள்வி, பிக்கரிங் நகரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் செப்டெம்பர் மாதம் பிறந்ததும் எழும். நவராத்திரிக்குக் கும்பம் வைக்கும் நாள் வரை அது வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கும். பள்ளிக்கூடத்தைப் பற்றியதோ பரீட்சையைப் பற்றியதோ அல்ல அக்கேள்வி. மூத்த மகள் அடுத்த கோடையில் எந்த அணியில் சொப்ட்போல் விளையாடுவது என்பதுதான்.

இந்த விளையாட்டு அவர்கள் வீட்டுக்குள் வந்தது 2021ஆம் ஆண்டு கோடையில். யப்பானில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் கனடாவின் பெண்கள் அணி மெக்சிக்கோவை 3க்கு 2 என்று வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது. அதைக் காலைச் செய்தியில் கண்ட சிறுமி, தானும் அப்படி விளையாட வேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

சொப்ட்போல் பேஸ்போலின் தங்கை என்று சொல்லலாம். 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் மண்டபத்துக்குள் ஆடும் விளையாட்டாகத் தோன்றியது. பந்து பெரிது; வளர்ந்த பெண்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். கையைச் சுழற்றிக் கீழிருந்து வீச வேண்டும். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 60 அடி தூரம். இலங்கையில் எல்லே ஆடியவர்களுக்கு மட்டையும் பந்தும் ஓட்டமும் புதியவை அல்ல. ஆகவே தாயாருக்கு விளையாட்டு விளங்க அதிக நாள் செல்லவில்லை. விளங்காமல் இருந்தது அணிகளின் ஏற்பாடுதான்.

முதலில் சிறுமி சேர்ந்தது ஹவுஸ் லீக்கில். அச்சொல்லைக் கேட்டதும் தாயாருக்கு யாழ்ப்பாணத்தில் தாம் வலைப்பந்து ஆடிய இல்ல விளையாட்டுப் போட்டிகள் நினைவுக்கு வந்தன. அங்கே பாடசாலையில் சேர்ந்த நாளில் ஒரு பிள்ளைக்கு ஓர் இல்லம் குறிக்கப்படும்; படிப்பு முடியும் வரை அதுதான் அவளுடைய இல்லம். வென்றாலும் தோற்றாலும் நிறம் மாறாது. பிக்கரிங்கின் ஹவுஸ் லீக்கும் முதலாண்டில் அவ்வாறே இதமாக இருந்தது. பெயர் கொடுத்த பிள்ளைகள் எல்லாரையும் அணிகளாகப் பிரித்துவிடுவார்கள். எல்லாரும் முறைவைத்து மட்டை பிடிப்பார்கள். எதிரணியும் அதே ஊர்ப் பிள்ளைகளே. தோற்ற அணிக்கும் வென்ற அணிக்கும் ஒரே ஐஸ் பழம்.

ஆனால் ஹவுஸ் லீக்குக்கு மேலே ரெப் என்று ஒரு படி உண்டு. ஊரின் பிரதிநிதியாக மற்ற ஊர்களுக்குச் சென்று ஆடும் அணி அது. அதற்குத் தேர்வு நடக்கும். கோடை ஆட்டங்கள் முடியும் தறுவாயிலேயே அடுத்த கோடைக்கான தேர்வு தொடங்கிவிடும். பிள்ளைகளின் முதுகில் இலக்கத்தை ஊசியால் குத்தி, பந்து பிடிக்கவும் எறியவும் ஓடவும் விட்டு, வேலிக்கு அப்பால் நிற்கும் பெற்றோர் காண எடுத்தவர் யார், விட்டவர் யார் என்று முடிவு செய்வார்கள். ரெப் அணிகளுக்குள்ளும் மேல் தரம், கீழ்த் தரம் என்று உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வாண்டு இடம் கிடைத்தது என்பதற்காக அடுத்த ஆண்டும் கிடைக்கும் என்பதில்லை. யாழ்ப்பாணத்து இல்லம் போல அல்ல இது. ஆண்டுக்கு ஒருமுறை முடியும் வாடகை வீடு.

2022 செப்டெம்பரில் சிறுமி தேர்வுக்குப் போனாள், எடுக்கப்பட்டாள். 2023ஆம் ஆண்டு கோடை அக்குடும்பத்துக்கு ஒரு பொற்காலம். கிழமையில் இரண்டு நாள் பயிற்சி. சனி ஞாயிறுகளில் வானுக்குள் மடிக்கும் கதிரைகளும் ஐஸ் பெட்டியும் ஏறும். விடியற்காலையில் அவித்த புட்டும் சம்பலும் ஏறும். கட்டணம் ஹவுஸ் லீக்கைவிடப் பல மடங்கு. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அடிக்கடி தவறியது. அதைப் பற்றித் தாயாருக்கு மனக்குறை இருந்தது. ஆயினும் மகள் இரண்டாம் தளத்தில் நின்றாள், ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆடினாள், ஓர் உயிர்த் தோழியையும் தேடிக்கொண்டாள். ஆட்டக் கணக்கு எழுதும் பொறுப்பைத் தாயார் ஏற்றார். தந்தையார் மழை பெய்த காலைகளில் மண்வாரியோடு ஆடுகளத்துச் சேற்றைச் சீர்செய்தார்.

அந்த அணி ஓராண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. யாரும் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. வயதுப் பிரிவு ஒவ்வொன்றிலும் இரண்டு பிறந்த ஆண்டுகள் அடங்கும். ஆகவே ஒரு பிள்ளை ஓராண்டு தன் பிரிவில் இளையவளாகவும் மறு ஆண்டு மூத்தவளாகவும் இருப்பாள். அதன் பிறகு மேற்பிரிவுக்குப் போய் மீண்டும் இளையவளாவாள். 11 வயதுக்குட்பட்ட பிரிவில் மூத்தவளாக இருந்த சிறுமி 13 வயதுக்குட்பட்ட பிரிவுக்கு ஏற வேண்டியிருந்தது. ஒரு வயது குறைந்த தோழி கீழேயே நின்றாள். பிள்ளைகள் இருவரும் களத்து வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அந்தச் செப்டெம்பரில் சிறுமிக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று பிக்கரிங்கின் அணியிலிருந்து. மற்றது சற்றுத் தொலைவில் உள்ள வேறோர் ஊரின் மேல் தர அணியிலிருந்து. இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். தந்தையாரின் மனம் மேல் தரத்தையே நாடியது. அதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடந்துவரும் கிரிக்கெட் போட்டியை, வடக்கின் பெரும் போர் என்று பெயர் பெற்றதை, அவர் சிறுவயதில் மதிலில் ஏறியிருந்து பார்த்தவர். பதினொருவரில் ஒருவராக வெள்ளை உடுத்து இறங்கும் பாக்கியம் அவருக்கு எந்தக் களத்திலும் வாய்க்கவில்லை. தமக்குக் கிட்டாதது மகளுக்குக் கிட்ட வேண்டும் என்று எண்ணினார்.

இன்னொரு கணக்கும் அவரிடம் இருந்தது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம், அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பெண்களுக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்று விதித்தது. அதன் பின்னர் அங்குள்ள பல்கலைக்கழகங்களில் பெண்களின் விளையாட்டு வளர்ந்தது; சொப்ட்போல் ஆடும் கனடியப் பெண்களும் புலமைப்பரிசில் பெற்று அங்கே போகிறார்கள். அந்த உதவி பலருக்குச் செலவின் ஒரு பகுதிக்கே போதும் என்பதை அவர் பிற்பாடுதான் அறிந்தார்.

“பெரிய அணியிலை ஆடினால்தானே பிள்ளை முன்னுக்கு வருவாள்?” என்றார் அவர்.

“முன்னுக்கு வாறது கிடக்கட்டும், தம்பி. அங்கை பிள்ளை விளையாடுவாளோ?” என்று கேட்டார் அம்மம்மா. வீட்டில் சொப்ட்போலைப் பற்றி ஒன்றும் அறியாதவர் அவர் ஒருவர்தான். ஆகவே அக்கேள்வியை யாரும் பொருட்படுத்தவில்லை.

2024ஆம் ஆண்டு கோடை வந்தது. புதிய அணியில் பன்னிரண்டு பிள்ளைகள்; பெரும்பாலானோர் ஒரு வயது மூத்தவர்கள், கை கால் நீண்டவர்கள். பயிற்சி திறமாக இருந்தது. அதில் குறை சொல்ல இடமில்லை. ஆட்டம் என்று வந்தபோது சிறுமி வாங்கில் இருந்தாள். ஒன்றிரண்டு முறை இறக்கினார்கள். மிகுந்த நேரமெல்லாம் வாங்கே. தேர்வின்போது எல்லாருக்கும் ஆட்டம் கிடைக்கும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். எவ்வளவு கிடைக்கும் என்று தந்தையார் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தந்தையார் ஒரு கொப்பியில் கணக்கு வைக்கத் தொடங்கினார். களத்தில் ஒரே நேரத்தில் நிற்பவர் 9 பேர். முழு ஆட்டத்துக்கு 7 இன்னிங்ஸ். ஆக 63 இடங்கள். பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்தேகால் இன்னிங்ஸ் வர வேண்டும். மகளின் பெயருக்கு எதிரே 2 என்றும் 1 என்றும் விழுந்தது. சில நாள் பூச்சியம். கணக்குப் பிழையில்லை. ஆனால் வெல்வதற்காகச் சேர்த்த அணியில் பங்கீடு சமமாக இராது என்பதும் கணக்கில் சேர வேண்டியதுதானே! பந்து வீசுகிறவளையும் அதைப் பின்னின்று பிடிக்கிறவளையும் எளிதில் மாற்ற மாட்டார்கள். மற்ற இடங்களுக்கே போட்டி.

கொப்பியை எடுத்துக்கொண்டு பயிற்சியாளரிடம் போக அவர் ஒருநாள் எழுந்தார். தாயார் கையைப் பிடித்து இருத்தினார். “இஞ்சருங்கோ, முதல்லை பிள்ளையைக் கேளுங்கோ” என்றார். அதுவரை அவர்கள் மகளைக் கேட்கவில்லை.

அன்று மாலை 401 நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்போது தந்தையார் கேட்டார். சிறுமி கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்பா, பந்து என்னட்டை வரேல்லை” என்றாள். கொப்பியில் இருந்த எண்கள் எல்லாம் சேர்ந்து சொல்லாததை அந்த ஒரு வசனம் சொல்லிவிட்டது.

நடுவில் விலகவில்லை. கையெழுத்திட்டுச் சேர்ந்த அணியை நினைத்தவுடன் மாற்ற முடியாது. மாற்றினாலும் பாதிக் கோடையில் அணியைக் கைவிடுவது முறையல்ல என்று தாயார் கருதினார். வாங்கில் இருந்துகொண்டே தன் அணியினருக்குக் குரல் கொடுக்கும் பழக்கத்தை மகள் கற்றாள். அதுவும் ஒரு கல்விதான். ஆனால் அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

செப்டெம்பரில் பிக்கரிங் அணிக்குத் திரும்புவது எளிதாக இருக்கவில்லை. முந்திய ஆண்டு விலகியபோது ஒரு குறுஞ்செய்தியோடு நிறுத்திக்கொண்டார்களே தவிர, ஓராண்டு முழுதும் பிள்ளைக்குப் பந்து பிடிக்கக் கற்பித்த பயிற்சியாளருக்கு நேரில் ஒரு நன்றி சொல்லவில்லை. தாயாருக்கு அது உறுத்தியது. தேர்வு நாளுக்கு முன்பே போய்ப் பேசினார். அவர் சிரித்துக்கொண்டே, தேர்வு எல்லாருக்கும் திறந்தது, பிள்ளை வரட்டும் என்றார். ஆனால் இரண்டாம் தளத்தில் இப்போது வேறொரு பிள்ளை நின்றாள்; தன் இடத்தை உழைத்துப் பெற்றவள். அவளை எழுப்பிவிட்டு இவளை இருத்த முடியாது. அது நியாயமும் அல்ல. சிறுமிக்குக் கிடைத்தது களத்தின் வலது கோடி. மட்டை பிடிக்கும் வரிசையில் ஒன்பதாம் இடம். சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்றாள். கீழேயிருந்து ஏறிவந்த பழைய தோழியும் அதே அணியில் சேர்ந்தாள்.

2025 யூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஐந்தாம் இன்னிங்ஸில் உயரமாக ஒரு பந்து வலது கோடிக்கு வந்தது. அவள் ஓடினாள், கையுறையில் பட்டுத் தெறித்தது. பின்னால் துரத்திப் பிடித்து எறிந்தாள். அதற்குள் எதிரணிக்கு ஓர் ஓட்டம் போய்விட்டது. அணி தோற்றது. தந்தையார் என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டு வானில் ஏறினார். தேற்ற வேண்டியிருக்கவில்லை. வெயில் கண்ணில் பட்டதையும், அடுத்த முறை இரண்டடி பின்னே நிற்க வேண்டும் என்பதையும், தோழி என்ன சொன்னாள் என்பதையும் வீடு வரும் வரை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். வாசலில் நின்ற அம்மம்மா வழக்கம்போல் ஒரே கேள்வி கேட்டார்.

“பிள்ளை விளையாடினவளோ?”

“ஓம், முழுக்க விளையாடினவள்” என்றார் தந்தையார். அன்று அவர் கொப்பியைக் கொண்டுபோகவில்லை.

மேல் தர அணி கூடாதென்பதல்ல இதன் கருத்து. அதற்கென்றே பிறந்த பிள்ளைகள் உண்டு. அவர்கள் அங்கே செழிப்பார்கள். இந்தச் சிறுமியும் இரண்டாண்டு கழித்து அங்கே போகக்கூடும். ஆனால் அழைப்பு வந்ததும் ஆம் என்று சொல்லுமுன், அணியில் எத்தனை பிள்ளைகள், தன் பிள்ளை மூத்தவளா இளையவளா, எந்த இடத்துக்கு எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆடவிடுவார்கள் என்று வாய்விட்டுக் கேட்பதில் வெட்கமில்லை. விட்டுப் போகும் அணிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவது தமிழ்ப் பண்பு மட்டுமல்ல. திரும்பி வர ஒரு வழியும் அதுவே. அம்மம்மா கேட்கும் அந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டால், செப்டெம்பரில் பெற்றோருக்குச் சற்றுத் தூக்கம் வரும்.