கரிந்த மரத்தில் பச்சைத் துளிர்
(கலிஃபோர்னியப் பயணம் – 6)

சான் ஹோசேயிலிருந்து காலையிலேயே கிளம்பினோம். பவுல்டர் கிரீக் சிற்றூரைத் தாண்டியதும் சாலை மலைமேல் வளைந்து வளைந்து ஏறியது. இருபுறமும் கரிந்த மரங்கள்.

பிக் பேசின், 1902இல் உருவான, கலிஃபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா. 2020 ஆகஸ்டில் மின்னல் மூட்டிய தீ, பூங்காவின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. 1930களில் மரத்தால் கட்டிய தலைமையகமும் மிஞ்சவில்லை. காடே போய்விட்டது என்றுதான் அன்று பலரும் அழுதார்கள்.

அது போகவில்லை. ரெட்வுட் லூப் தடத்தில் நடக்கும் எவருக்கும் அது கண்கூடு. வானுயர்ந்த ‘மதர் ஆஃப் தி ஃபாரஸ்ட்’ மரம் இன்னும் நிற்கிறது. தடத்தோரம் ஒரு ரெட்வுட் மரத்தைத் தொட்டேன். உள்ளங்கை முழுக்கக் கரி. கரிக்கு அடியில் பட்டை தேங்காய் நார்போல மெத்தென்று இருந்தது. முதிர்ந்த மரங்களில் இந்தப் பட்டை ஓரடிகூடத் தடிக்கும். டானின் நிறைந்தது, எளிதில் பற்றும் பிசின் இல்லாதது. அதனால் தீ பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிடுகிறது. அந்த ஆண்டு நெருப்பு உச்சிவரை ஏறி இலைகளைப் பொசுக்கியது உண்மை. ஆனாலும் பட்டைக்குள் உறங்கிக்கிடந்த மொட்டுகள் விழித்துக்கொண்டன. வழக்கமாக வெறும் தண்டாக இருக்கும் பகுதியில்கூட, கரிய பட்டையைக் கீறிக்கொண்டு கொத்துக்கொத்தாகப் பச்சைத் துளிர்கள்!

டக்ளஸ் ஃபிர் மரங்களுக்கு இந்த வரம் இல்லை. பல, சாம்பல் நிறத்தில் பட்டுப்போய் நிற்கின்றன. மரங்கொத்திகளுக்கு அவைதான் இப்போது வீடு.

இந்தக் காடு நமக்குக் கிடைத்ததற்கு ஒரு கோபம்தான் காரணம். ஆண்ட்ரூ ஹில் என்ற புகைப்படக்காரர் ஃபெல்டன் அருகே ரெட்வுட் மரங்களைப் படமெடுத்தார். தோப்பின் உரிமையாளர் நெகட்டிவ்களைக் கேட்டார். ஹில் தர மறுத்தார். இந்த மரங்கள் பொதுச்சொத்தாக வேண்டும் என்று கிளம்பியவர், 1900இல் நண்பர்களோடு செம்பர்வைரன்ஸ் கிளப்பைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் பூங்கா வந்துவிட்டது.

மதியம் மிடில் ரிட்ஜ் மண்சாலையில் ஏறினோம். நிழல் கிடையாது, நல்ல வெயில். ஆனால் அந்த வெயிலில்தான் சியனோதஸ் புதர்கள் ஆளுயரம் வளர்ந்து நீலமாகப் பூத்திருந்தன. தீயின் சூடு பட்டால்தான் நன்றாக முளைக்கும் விதைகள் அவை.

புதிய வரவேற்பு மையத்தைப் பழைய மரங்களின் காலடியில் கட்டாமல், தள்ளி சேடில் மவுண்டன் பக்கம் அமைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். மிகச் சரியான முடிவு. கட்டடமும் கார்களும் இத்தனை காலம் அந்த வேர்களை மிதித்தது போதும்.

அடுத்த வாரம் வடக்கே, ஹம்போல்ட் காடுகளுக்கு.

(பயணம் தொடரும்)